கொழும்பு வீதியின் மேல்மாடிகள்

கண்டி நகரின் கொழும்பு வீதியில் என் தாத்தா வாடகைக்கு எடுத்திருந்த துணிக்கடையின் மேல்மாடியில் ஒரு காலத்தில் பதினொரு பேர் வாழ்ந்தார்கள். கீழே வியாபாரம், மேலே குடும்பமும் கடைப் பையன்களும் என்பதுதான் அன்றைய வழக்கம். இன்று ‘கலப்புப் பயன்பாடு’ என்று புதிய பெயரில் திட்டமிடுபவர்கள் பேசுவது அதைத்தான். அந்த மேல்மாடிகளில் பல இப்போது களஞ்சியங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடியிருப்புத் தளங்களைச் சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோ சுமை தாங்கும்படியே வழக்கமாக வடிவமைக்கிறார்கள். பழைய மரத்தளத்தின் மேல் அரிசி மூட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினால் அந்த அளவு பல மடங்காகிவிடும். ஆக, உத்தரங்களுக்கு மனிதர்களைவிட மூட்டைகளே பெரிய ஆபத்து.

புனரமைப்பு என்றவுடன் முகப்புக்கு வர்ணம் பூசுவதிலிருந்தே பலரும் தொடங்குகிறார்கள். நான் கூரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். மலைநாட்டு மழையில் உடைந்த ஓடும் அடைபட்ட பீலியும் சுவரை நனைக்க, ஈரமான உத்தர முனைகள் உக்கிப்போகின்றன. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் வெயில் வந்ததும் அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். எங்கள் கடையில் நாங்களே இந்தத் தவறைச் செய்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதிச் சுவர் போய்விட்டது.

1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் பல பழைய கடைகளின் வாடகை மிகக் குறைவாகவே நின்றுவிட்டதால், பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனமில்லை. கட்டடம் தம்முடையதல்ல என்பதால் வாடகைக்காரரும் செலவிடுவதில்லை.

1894ஆம் ஆண்டின் நுவரெலியா அஞ்சல் நிலையத்தை ஹோட்டலாக்கும் யோசனை 2023இல் எழுந்தபோது அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த அஞ்சல் நிலையத்தின் செங்கல் கோபுரத்துக்கு வாய்த்த காவல், 1988 முதல் உலக மரபுரிமை நகரமாக இருக்கும் கண்டியின் சாதாரணக் கடை வரிசைகளுக்கு வாய்க்கவில்லை.

மேல்மாடியில் மறுபடி ஆட்கள் குடியேற வேண்டுமானால், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தீ பரவாத தளமும், பாதுகாப்பான மின்கம்பிகளும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தெருவிலிருந்து நேரே ஏறும் தனிப் படிக்கட்டும் வேண்டும். இரவில் கடையைப் பூட்டிய பின் மேலே இருப்பவர் வேறெப்படி வெளியேறுவார்? ஆனால், படிக்கட்டுக்காகக் கடை முகப்பில் நான்கு அடியை விட்டுக்கொடுக்க எந்த வியாபாரியும் இலேசில் சம்மதிக்கமாட்டார். எங்கள் தாத்தாவின் கடைக்கு அப்படியொரு பக்கக் கதவு முன்பே இருந்தது. அது இன்றும் இருக்கிறது. அதன்மேல் ஆணியடித்து, கைபேசி உறைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.