அம்மைக் காலத்தில் ஒரு வருகைப் பதிவேடு

ஜனவரி 28, செவ்வாய்

முதல் பாடவேளையில் கரும்பலகையைத் துடைக்க என் வகுப்பு மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். குளிரெல்லாம் பொங்கலோடு போய்விட்டது. இவன் மட்டும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தான். கையை உயர்த்தியபோது ஸ்வெட்டர் முழங்கை வரை நழுவியது. உள்மடிப்பில் நான்கைந்து நீர்க்கொப்புளங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பு. வேர்க்குரு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஜனவரியில் ஏது வேர்க்குரு? நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

“எப்போதிலிருந்து?”

“காய்ச்சல் கொடியேற்றத்தன்றே வந்துவிட்டது, மிஸ்.”

“பிறகு ஏன் வந்தாய்?”

பதில் இல்லை. பக்கத்தில் இருந்தவன்தான் போட்டுக்கொடுத்தான்: “ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட லீவு போடவில்லை, மிஸ். டிபன் பாக்ஸ்.”

ஆண்டு விழாவில், ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பெயர் பொறித்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். அவன் அப்பாவுக்கு போன் செய்தேன், வண்டியில் வந்து அழைத்துப்போனார். செயலியில் அவனுக்கு வருகை போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆக, இன்றைய தேதிக்கும் அவன் நூற்றுக்கு நூறு.

ஜனவரி 29, புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்னம்மைதான் என்று உறுதி செய்துவிட்டார்கள். மாலையில் நானும் அங்கே போனேன். கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுமாம்; கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். அதுவரை பள்ளிக்கு வரக் கூடாது. “எத்தனை நாள்?” என்று கேட்டேன். “நாளை எண்ணாதீர்கள், பொருக்கைப் பாருங்கள்” என்றார் செவிலியர். பொதுவாக ஐந்தாறு நாளில் காயும், சிலருக்கு மேலும் ஆகும்.

மற்றவர்களுக்கு வருவதாக இருந்தால் 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் வருமாம். வீட்டு நாட்காட்டியில் பிப்ரவரி 7ஆம் தேதியையும் 18ஆம் தேதியையும் வட்டமிட்டு வைத்தேன். அரசு தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மையும் ரூபெல்லாவும் இருக்கின்றன, சின்னம்மை இல்லை. தனியாரில் காசு கொடுத்தவர்களுக்குத்தான் அந்த ஊசி. வகுப்பில் 41 பேர். விசாரித்ததில் போட்டுக்கொண்டவர்கள் இரண்டே பேர்.

இதையெல்லாம் எழுதும்போதுதான் உறைக்கிறது. பக்கத்து வகுப்புக்குப் போகும் கணித ஆசிரியை ஆறு மாதக் கர்ப்பிணி. சிறு வயதில் அம்மை போட்ட நினைவே இல்லை என்கிறார். கர்ப்பிணிகளுக்கு இது நுரையீரல் வரை போய்ப் படுத்திவிடும். நாளைக்கே தன் மருத்துவரிடம் காட்டி, எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். டிபன் பாக்ஸுக்காக வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? எனக்கே நேற்றுத் தோன்றவில்லை.

பிப்ரவரி 1, சனி

அவன் வீட்டுக்குப் போனேன். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. பாட்டி வாசலிலேயே மறித்துவிட்டார்.

“உள்ளே வராதீர்கள் டீச்சரம்மா. ஆத்தா வந்திருக்கிறாள்.”

“எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது, பாட்டி.”

“இருக்கட்டும். நீங்கள் நாலு வீட்டுப் பிள்ளைகளைத் தொடுகிறவர்.”

எங்கள் பள்ளிக் கையேட்டில் சீருடைக்கு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. நோய்க்கு இருப்பது ஒரே வரி: “உடல்நலக் குறைவால் வராத மாணவர் பெற்றோர் கையொப்பமிட்ட விடுப்பு விண்ணப்பம் தர வேண்டும்.” எந்த நோய்க்கு எத்தனை நாள், எப்போது திரும்பி வரலாம் என்று ஒரு சொல் கிடையாது. பாட்டியிடமோ முழுச் சட்டமும் இருக்கிறது. தனிப் பாய், தனித் தட்டு. தாளிக்கிற வாசனை வீட்டில் கிளம்பக் கூடாது. வந்தவர் வாசலோடு போக வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் பிள்ளை தெருவில் இறங்கக் கூடாது. தாளிப்பை விட்டுவிட்டால், செவிலியர் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொருக்கு உதிர்வதைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

மருந்தில்தான் இடித்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அசைக்ளோவிர். கொப்புளம் கண்ட முதல் நாளே தொடங்கியிருந்தால் நல்ல பலன் கிடைத்திருக்கும்; அந்தக் கெடு தாண்டிவிட்டது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலாவது கொடுங்கள், ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம், சொறியாமல் இருக்க நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நகத்துக்கு ஒப்புக்கொண்டார். மாத்திரைக்குத் தலையை ஆட்டியது ஆமாவா இல்லையா என்று புரியவில்லை.

பேசும்போது முந்தானை விலகியது. பாட்டியின் இடது கையில் நாலணா அகலத்தில் அம்மை குத்திய தழும்பு. பெரியம்மைக்குக் குத்தியது. 1975க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மையே கிடையாது. அன்று ஆத்தா கோபித்துக்கொண்டாளா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நீல நிற இரும்புச்சத்து மாத்திரை நாள். மதிய உணவுக்குப் பிறகுதான் கொடுப்பேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் டீயோடு வருகிறவர்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும்.

கணித ஆசிரியைக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எதிர்ப்பாற்றல் இருக்கிறதாம். இனிப்பு கொடுத்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

தேசியக் குடற்புழு நீக்க நாள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஆளுக்கு ஒன்று; மென்று விழுங்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகரும் வித்தை எட்டாம் வகுப்பிலேயே கைவந்துவிடுகிறது. ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று கொடுக்கக் கூடாது. தேறிய பிறகு 17ஆம் தேதி விடுபட்டோர் முகாமில் கொடுக்கலாம். இந்த விதி எப்படியோ பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. வரிசையில் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி. கடைசி பெஞ்சுப் பெண் வந்து, “மிஸ், எனக்குக் காய்ச்சல்” என்றாள். “உனக்குமா? வாயைத் திற” என்று அதட்டிவிட்டு, ஒப்புக்குத்தான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

நாட்காட்டியைப் பார்க்கவே வேண்டாம். பதின்மூன்றாம் நாள். உடனே வீட்டுக்கு அனுப்பினேன்.

அவனும் இன்றுதான் திரும்பினான். முகத்தில் கறுப்புப் புள்ளிகள். விடுப்பு விண்ணப்பத்தில் “எனக்குக் கடுமையான காய்ச்சல் என்பதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தான். வராமல் இருந்தது எட்டு வேலை நாள். ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கடிதம். அதில் எண்ணை மாற்றலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூச விடுமுறை. காலையில் அந்தப் பெண்ணின் அம்மா பேசினார். கொப்புளம் வந்துவிட்டது. 24ஆம் தேதி செய்முறைத் தேர்வு தொடங்குகிறதே என்று அழுதார். அதற்குள் காய்ந்துவிடும் என்றேன். அதட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நாட்காட்டியில் இரண்டாவது வட்டம் போட்ட நாள். சாயங்காலத்துக்குள் தப்பித்தோம் என்று எழுதியிருப்பேன். மூன்றேகாலுக்கு ஒருவன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். அவனாகவே வந்து காட்டினான் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆசிரியர் கூட்டம். முழு வருகைப் பரிசை நிறுத்தலாம் என்று சொன்னேன். “ஒழுக்கம் என்ன ஆவது?” என்றார் ஒருவர். மத்தியப் பாடத்திட்டத்தில்கூடப் பொதுத்தேர்வுக்கு 75 விழுக்காடு வருகை போதும், கடும் நோயென்றால் மருத்துவச் சான்று காட்டி அதிலும் தளர்வு கேட்கலாம். நாம் மட்டும் ஏன் நூறு கேட்கிறோம் என்றேன். தலைமையாசிரியை குறித்துக்கொண்டார்.

அங்கே சொல்லாதது ஒன்று. என் வீட்டில் இன்றும் புழங்குகிற எவர்சில்வர் தட்டின் விளிம்பில் “எட்டாம் வகுப்பு, முழு வருகை” என்று வெட்டியிருக்கும். அந்த வருடம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி. வழக்கப்படி அம்மா கழுத்தில் தன் சங்கிலியைப் போட்டுவிட்டார். அதை ரிப்பனால் மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்து என் பெஞ்சில் மூன்று பேருக்குத் தாடை வீங்கியது. எனக்குத் தட்டு கிடைத்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

காலர் விலக்கிக் காட்டியவனைச் செய்முறைத் தேர்வின் கடைசி அணியில் சேர்த்திருந்தோம். பொருக்கு எல்லாம் காய்ந்துவிட்டது என்று காலையில் செவிலியர் பார்த்துச் சொன்னார். அவனுக்கு வந்தது உப்புக் கரைசல். சோதனைக்குழாயை விரல்களால் பற்றியபடி வெகு நேரம் நின்றான். விரலிடுக்கில் இன்னும் இரண்டு பொருக்குகள். “சில்லென்று இருக்கிறது. வெப்பம் கொள் வினை” என்றான். வெளித்தேர்வாளர் தலையசைத்தார்.

கையெழுத்து வாங்கப் போனபோது தலைமையாசிரியை பரிசு விஷயத்தை எடுத்தார். நான் சொன்னதில் நியாயம் இருக்கிறதாம், அடுத்த ஆண்டு யோசிக்கலாமாம். “இந்த வருடத்துக்கு டிபன் பாக்ஸ் எல்லாம் வாங்கியாகிவிட்டது. பெயர் வெட்டக் கொடுக்க வேண்டும். உங்கள் வகுப்புப் பட்டியலைத் திங்கட்கிழமை தந்துவிடுங்கள்.”

பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று பெயர்கள்.