ஈயப் பாலம் போட்ட பெட்டி

உவேனோ பூங்காவில் நல்ல மழை. நனைந்த குடையை வாசலிலேயே விட்டுவிட்டு டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். வந்தது வாள்களைப் பார்க்க. வழியில் அரக்குப் பெட்டிகள் இருந்த அறை என்னைப் பிடித்துக்கொண்டது.

அரக்கு என்று ஒரு வசதிக்குத்தான் சொல்கிறேன். நம் அரக்கு பூச்சி தருவது. அவர்களுடைய உருஷி, மரத்தின் பால். முந்திரி, சேங்கொட்டைக் குடும்பத்து மரம். பச்சையாகத் தோலில் பட்டால் தடித்துக் கொப்பளித்துவிடும். இறுகுவதற்கு அதற்கு ஈரக்காற்று வேண்டும். ஐப்பசி மழையில் நம் வீட்டுத் துணி காயாது. உருஷி ஜம்மென்று காயும். உருஷியால் கோடு இழுத்து, அது காய்வதற்குள் பொற்பொடி தூவிப் படமாக்குவதற்கு மாக்கி-எ என்று பெயர்.

ஒரு பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஜப்பானியக் கலைஞர் ஹொனாமி கோஎட்சு (1558–1637) பெயரால் வழங்கும் எழுதுகருவிப் பெட்டி. மூடி பூரி மாதிரி உப்பியிருக்கிறது. தங்கத் தரையில் அலைகள், படகுகள். அவற்றின் குறுக்கே, மங்கிக் கறுத்த அகலமான ஈயப் பட்டை. பொன்மேல் ஈயமா! முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது படகுகளின் மேல் போட்ட பாலம். சுற்றிலும் வெள்ளி எழுத்துகளில் ஒரு பழைய காதல் பாட்டு சிதறிக் கிடக்கிறது. பாட்டில் ‘படகுப் பாலம்’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் எழுத்து இல்லை. ஈயத்தைத்தான் வாசிக்க வேண்டும். கோஎட்சுவின் குடும்பத் தொழில் வாள் தீட்டுவதும் மதிப்பிடுவதும். சரி, நான் வாள் பார்க்க வந்ததும் வீண் இல்லை.

அதே காலத்தில் போர்த்துகீசியருக்காகச் செய்த நம்பான் பெட்டிகளைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. ஓர் அங்குலம் விடாமல் சிப்பியும் பொன்னும். பிறகு டச்சுக்காரர்கள் வாங்கத் தொடங்கியபோது ரசனை மாறிவிட்டது: கறுப்பு வெளி, அதில் ஓரமாய் ஒரு மலை, இரண்டு மரம். பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்துக்கு அவள் அம்மா 1780இல் விட்டுப்போன சொத்தில் ஜப்பானிய அரக்குப் பெட்டிகளும் உண்டு. சீட்டாட்டக் காசு வைக்கவா, வேறு எதற்கு என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மாலையில் ஒரு கடையில், உருஷி வேலைக்குப் பேர்போன வாஜிமா ஊர்ப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். படமே இல்லை, பொன்னும் இல்லை, வெறும் கறுப்பு. இப்போது இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள் என்றார் கடைக்காரப் பெண்மணி. விலையைப் பார்த்தேன், என் விமான டிக்கெட்டைவிட அதிகம். மெதுவாகக் கீழே வைத்தேன். மூடியில் என் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மெல்லிய துணியால் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.