வச்ச பிள்ளையைப் பிடுங்கும் தீவு

அப்பாவுக்குத் தென்னையைத் தவிர வேறு எதுவும் மரமாகவே தெரியாது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். "பெத்த பிள்ளை கைவிட்டாலும் வச்ச பிள்ளை கைவிடாது" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து அந்த வச்ச பிள்ளைகளையும் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. எங்கள் தோப்பில் 117 மரம். விடிந்து பார்த்தபோது நின்றது 11.

அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரை வம்பாக விமானம் ஏற்றினேன். நான் அப்போது செஷல்ஸில், மாஹே தீவில் கணக்கு வேலையில் இருந்தேன். அம்மா வரவில்லை. மாட்டையும் புதுசாக வைத்த தென்னம்பிள்ளைகளையும் யார் பார்ப்பது?

வந்தவருக்கு நாலாம் நாளே சலித்துவிட்டது. விக்டோரியாவில் நம் ஆட்கள் கட்டிய பிள்ளையார் கோயிலுக்குத் தினமும் போய்வந்தார். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் தண்ணீரைப் பார்க்க மாட்டார். "காய் கீழ விழுந்து முளைச்சுக் கிடக்கு, எடுக்க நாதியில்ல பாரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் இந்த நாடே கொப்பரை ஏற்றுமதியில் பிழைத்தது, 1970களில் விமான நிலையம் வந்தபிறகு எல்லாம் சுற்றுலாவுக்குத் திரும்பிவிட்டது என்றேன். அவர் மனசு ஆறவில்லை. ஆற வேண்டாமா? அதனால்தான் கூஸான் தீவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவருக்காக என்ன காத்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

கஸின் என்று எழுதி கூஸான் என்று சொல்கிறார்கள். ப்ராலின் தீவிலிருந்து படகில் கொஞ்ச தூரம்தான். முப்பது ஹெக்டேர்கூட வராது. படகுத்துறை கிடையாது. நாம் போகும் படகு கரையை நெருங்கவே கூடாது, தள்ளியே நின்றுவிட வேண்டும். தீவின் சொந்தப் படகு வந்து நம்மை மாற்றி ஏற்றிக்கொண்டு, அலை பார்த்து, முழு வேகத்தில் மணலில் போய் முட்டுகிறது. அப்பா என் தோளைப் பிடித்த பிடியில் கன்றிப்போய்விட்டது.

ஏன் இந்தக் கூத்து? எலி. வெளிப்படகில் ஒளிந்து ஒரு சினை எலி கரையேறினால் போதும், தரையில் முட்டையிடும் பறவைகள் கதை முடிந்தது. இந்தத் தீவில் எலியும் இல்லை, பூனையும் இல்லை. இதைச் சொன்னதும் அப்பா முதல்முறையாகத் தலையாட்டினார். குரும்பையைத் துளைக்கும் எலியோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர் அல்லவா.

எங்களோடு வந்த காவலர் இருபத்தைந்து வயதுப் பையன். கிரியோல் கலந்த ஆங்கிலம். அப்பா அவனைத் "தம்பி" என்றே கூப்பிட்டார், அவனும் திரும்பினான். நடுவில் மொழிபெயர்க்க நான். கொசு மருந்தை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்த நான். (கூஸான் கொசுவைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். எழுத மாட்டேன், இப்போது நினைத்தாலும் அரிக்கிறது.)

உள்ளே பத்தடி போனதும் அப்பா ஒரு கிளையை வளைத்து இலையை நசுக்கிப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம லெச்சக்கொட்டைக் கீரை மாதிரில்ல இருக்கு?" அதே இனம்தான். நம் வீடுகளில் மஞ்சள் பூத்த இலையோடு வேலியோரம் நிற்கும், வாதத்துக்கு நல்லது என்று கடைந்து சாப்பிடுவோமே, அது. இங்கே இருட்டுப் பச்சையில், யானைக்கால் தடிமனில் காடாக நிற்கிறது. மாப்பூ என்கிறார்கள். நம்மூரில் அது காய்த்துப் பார்த்ததில்லை. இங்கே காய்க்கும், விதை முழுக்கப் பிசின். அந்த மரத்திலேயே ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும் கறுப்பு ஆலாக்களின் இறகில் கொத்தாக ஒட்டிக்கொண்டால் பறவை பறக்க முடியாமல் விழுந்து செத்துப்போகும். வீடு கொடுக்கிற மரமே ஆளையும் எடுக்கிறது. அப்பா கையை வேட்டியில் துடைக்கப் போய், பேன்ட் போட்டிருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளை ஆலா இன்னொரு விதம். கூடே கட்டாது. வெறும் கிளையில், கணுவில் கொஞ்சம் பள்ளம் கிடைத்தால் ஒரே ஒரு முட்டை. எங்கள் முகத்துக்கு நேரே ஒன்று உட்கார்ந்திருந்தது, கறுப்புக் கண்ணால் எங்களைப் பார்த்ததே தவிர நகரவில்லை. கீழே காலை வைக்க இடமில்லாமல் அரணைகள். எந்த முட்டை உருளும், எந்த மீன் தவறி விழும் என்று அண்ணாந்து காத்திருக்கின்றன. பயாங்கு என்கிற நீள்வால் வெள்ளைப் பறவை மர அடியில், வேர் இடுக்கில், தரையோடு தரையாக அடைகாக்கிறது. பாதையை விட்டு ஒரு அடி விலகாதீர்கள் என்றான் தம்பி. மண்ணுக்குள் ஃபூக்கே பறவைகளின் வளை, மிதித்தால் இடிந்துவிடும்.

ராட்சத ஆமை ஒன்றின் கழுத்தைச் சொறிந்துவிட்டார் அப்பா. அது நாலு காலையும் நிமிர்த்தி எழுந்து, கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டது. பக்கத்திலேயே ஒரு குண்டுக்கரிச்சான். நம்மூர்க் குண்டுக்கரிச்சானின் உறவு. 1960களில் மொத்தமே இருபதுக்கும் கீழே குறைந்து, ஃப்ரேகாட் என்ற ஒரே தீவில் மிஞ்சிய இனம், பிறகு இங்கே கொண்டுவந்து விட்டது.

அப்புறம்தான் அந்தக் குருவி.

பார்க்க ஒன்றுமில்லை. மங்கிய பழுப்பில் ஒரு கதிர்க்குருவி, காலில் கலர் கலராக வளையம். தீவில் இருக்கிற கதிர்க்குருவிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஆதார் அட்டை மாதிரி அதுதான். 1968-ல் உலகத்திலேயே இந்த இனத்தில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு, எல்லாம் இந்தத் தீவில், சதுப்பை ஒட்டிய அலையாத்திக் காட்டுக்குள். அந்த வருஷம் ஒரு பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு தீவையே விலைக்கு வாங்கியது. 1975-ல் அரசு சிறப்புக் காப்பகமாக அறிவித்தது, சுற்றியுள்ள கடலையும் சேர்த்து.

அலையாத்தி என்றதும் அப்பா முத்துப்பேட்டையை நினைத்துக்கொண்டார். "மத்த இடத்துல ஏன் இல்லியாம்?"

நான் தம்பியிடம் கேட்டேன். அவன் சொன்னதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினேன். தென்னை. தீவு முழுக்கத் தென்னந்தோப்பாக இருந்ததாம். இந்தக் குருவி அகன்ற இலைகளின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியைப் பொறுக்கித் தின்பது. தென்னங்கீற்றில் அதற்கு என்ன கிடைக்கும்? வாங்கியவர்கள் செய்த முதல் வேலை, தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் பழைய காட்டை வளரவிட்டதுதான். வேறு மாயமந்திரம் எதுவும் இல்லை. குருவி நூற்றுக்கணக்கில் பெருகியது. 1988-ல் 29 குருவிகளை அரீட் தீவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு வேறு தீவுகளுக்கும். இன்று ஆயிரக்கணக்கில்.

"பிள்ளையைப் பிடுங்கினாங்களா" என்றார் அப்பா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொன்னேன். இந்தக் குருவிகளில் வளர்ந்த பிள்ளைகள் சில உடனே பிரிந்து போவதில்லை. அம்மாவோடு தங்கி அடுத்த குஞ்சுக்கு இரை ஊட்டும். தங்குவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பூச்சி நிறைய கிடைக்கிற இடத்தில் இருக்கும் தாய் பெண்ணாகவும், வறண்ட இடத்தில் இருப்பது ஆணாகவும் பெறுவதாக 1990களில் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப நம்ம வறண்ட இடம் இல்ல" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கடற்கரைக்கு வந்தோம். டிராக்டர் போன மாதிரி மணலில் ஒரு தடம், ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. அழுங்காமை என்கிற கடலாமை. இந்த நாட்டில் அது பட்டப்பகலிலேயே முட்டையிட வரும். சீசன் இப்போதுதான் தொடங்குகிறது, நீங்கள் ஒரு மணி நேரம் பிந்திவிட்டீர்கள் என்றான் தம்பி. எனக்குத்தான் ஏமாற்றம். முகமூடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கவும் அங்கே அனுமதி இல்லை. 1998-ல் கடல் சூடேறி இந்தப் பக்கத்துப் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துச் செத்ததும், 2010க்குப் பிறகு கயிற்றில் பவள நாற்று வளர்த்து நட்டதும் காதால் கேட்டதோடு சரி.

மணல் முடியும் இடத்தில் ஒரு தேங்காய், எங்கிருந்தோ மிதந்து வந்து இரண்டு கீற்று விட்டிருந்தது. தம்பி நடந்தபடியே குனிந்து பிடுங்கினான், நாம் அருகம்புல் பிடுங்குகிற மாதிரி. வீசப் போனவனை அப்பா கை காட்டி நிறுத்தினார். வாங்கினார். வேரைத் தடவிப் பார்த்தார். நல்ல பிள்ளை. எங்கே நட்டுவிடலாமா என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"வெட்டச் சொல்லு" என்றார்.

தம்பி இடுப்புக் கத்தியால் பிளந்தான். உள்ளே பந்து மாதிரி தேங்காய்ப்பூ. அப்பா மூன்றாகப் பிய்த்து, முதல் துண்டைத் தம்பியிடம் நீட்டினார். படகு வரும்வரை மூன்று பேரும் நின்றபடியே தின்றோம்.

ப்ராலின் கரை தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"புதுப் பிள்ளைக்குத் தண்ணி விட்டியா?"

அம்மா பதிலுக்குக் கடலாமையைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

"தடம்தான் பார்த்தோம்" என்றார்.