2.94 ஜிபிஏவுடன் நிதித்துறை இன்டர்ன்ஷிப் கிடைத்த அனுபவம்

இடம் உறுதியாகி மூன்று நாட்கள் ஆகின்றன. ஆனாலும் மதிப்பெண் பட்டியலுக்காக அலைந்த பதற்றம் இன்னும் அடங்கவில்லை. நான்கு புள்ளிக்கு 2.94 என்ற ஜிபிஏவை (எல்லாப் பாடங்களுக்குமான மதிப்பெண் சராசரியை) வைத்துக்கொண்டு முதலீட்டு வங்கி இன்டர்ன்ஷிப்புக்கு முயல்பவர்களுக்கு, நான் எங்கெல்லாம் சறுக்கினேன் என்பது உதவக்கூடும்.

இணையவழி விண்ணப்பங்களால் எனக்கு ஒரு பயனும் விளையவில்லை. 37 இடங்களுக்கு அனுப்பினேன். நள்ளிரவில் அனுப்பிய ஒன்றுக்கு நான்கே நிமிடங்களில் மறுப்பு வந்தபோதுதான், என் ரெஸ்யூமேயை மனிதர் யாரும் படிக்கவில்லை என்பது உறைத்தது. 2.94ஐ 3.0 என்று போட்டுவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரிபார்ப்பின்போது ரெஸ்யூமேயையும் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். நான் மொத்த ஜிபிஏவை உள்ளபடியே எழுதி, அதன் பக்கத்தில் கடைசி மூன்று செமஸ்டர்களின் சராசரியான 3.5ஐயும் சேர்த்தேன்.

திருப்பம் ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. எங்கள் துறையில் படித்து, ஒரு வங்கியில் பகுப்பாய்வாளராக இருக்கும் அக்கா ஒருவருக்கு, வேலை கேட்காமல், நான் எக்செல்லில் செய்திருந்த டிசிஎஃப் மதிப்பீட்டை, அதாவது ஒரு நிறுவனத்தின் வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் போடும் கணக்கை, அனுப்பிக் கருத்துக் கேட்டேன். அப்படிக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்தை 9 சதவீதமாகவும், கணித்த ஆண்டுகளுக்குப் பிறகு பணவரவு என்றென்றும் வளரும் நிரந்தர வளர்ச்சியை 5 சதவீதமாகவும் வைத்திருந்தேன். "பொருளாதாரமே இந்த வேகத்தில் காலமெல்லாம் வளராது, ஒரு நிறுவனம் எப்படி வளரும்?" என்று கேட்டார். வளர்ச்சியை 2 சதவீதமாக்கியதும், கணிப்பின் கடைசி ஆண்டுப் பணவரவைப் போல் 26 மடங்கு இருந்த இறுதி மதிப்பு (அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளுக்குமான மதிப்பு) 15 மடங்குக்கும் கீழே இறங்கியது. அன்றிரவே திருத்தி, எதை ஏன் மாற்றினேன் என்று அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் என் பெயரைப் பரிந்துரைத்தார்.

நேர்காணலில் ஜிபிஏ பற்றித்தான் முதலில் கேட்டார்கள். முதல் இரண்டு செமஸ்டர்களில் அடித்தளம் இல்லாமல் தடுமாறியதையும், தேறாத ஒரு பாடத்தை மீண்டும் எடுத்துத் தேறியதையும் மூன்று வாக்கியங்களில் சொல்லி நிறுத்திக்கொண்டேன். நீட்டி விளக்கினால் அது சாக்குப்போக்காகிவிடும். அடுத்து, தேய்மானம் (சொத்துகள் தேய்வதற்காகக் கணக்கில் மட்டும் எழுதும் செலவு) 10 கூடினால் லாப நட்டக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும் என்று கேட்டார்கள். வரி 25 சதவீதம் என்று கொண்டால் நிகர லாபம் 7.5 குறையும், வரி மிச்சமாவதால் ரொக்கம் 2.5 கூடும், நிலைச் சொத்து 10 குறையும் என்று தாளில் போட்டு, இருப்புநிலைக் குறிப்பின் இருபுறமும் சமமாவதைக் காட்டினேன். மற்ற சுற்றுகள் எளிதாகவே கழிந்தன.

எதிர்பாராத இடி அதன் பிறகுதான் விழுந்தது. ஐந்து வேலை நாட்களுக்குள் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் பணி ஆணை வந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்தால் ஜிபிஏ 2.81. மீண்டும் எழுதிய பாடத்தின் புதிய மதிப்பெண் பதிவேட்டில் ஏறவே இல்லை. கல்லூரி அலுவலர் முதல் நாள் "நாளைக்கு வாருங்கள்" என்றார். மறுநாள் "கணினியில் இருப்பதைத்தான் தர முடியும்" என்றார். பேராசிரியர் கையொப்பமிட்ட மதிப்பெண் மாற்றப் படிவம் வேண்டும் என்பதை மூன்றாம் நாள்தான் வாய் திறந்து சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாட்கள் வீணாகியிருக்காது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். எதையாவது திருத்த வேண்டியிருந்தால் என்னென்ன தாள்கள் தேவை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் நாள் பேராசிரியரை வகுப்பறை வாசலிலேயே பிடித்துக் கையொப்பம் வாங்கினேன். தாமதத்தின் காரணத்தை நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டேன். கடைசி நாள் பிற்பகல், 2.94 என்று அச்சான, முத்திரையிட்ட பட்டியல் என் கைக்கு வந்தது. மாலைக்குள் அவர்களும் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பினார்கள்.