கேஸ் ஷீட்டில் ஒற்றை வரியாக நிற்கும் நோய்கள்

புற்றுநோய்ப் பிரிவில் புதிதாகப் பதிகிற ஒருவரின் கேஸ் ஷீட்டில் கட்டியின் அளவு, நெறிகட்டு, பயாப்ஸி, ஸ்கேன் என்று இரண்டு பக்கம் நிரம்பியிருக்கும். சுகர், பிரஷர், இதயம், கிட்னி, பழைய காசநோய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி. அதுவும் "சுகர் உண்டு" என்பதோடு முடிந்துவிடும். எத்தனை வருடமாக, எந்த மாத்திரை, கண்ணையோ காலையோ தொட்டிருக்கிறதா என்ற விவரம் இருக்காது. மூன்றாவது கீமோவோடு சிகிச்சை நின்றுபோகும்போது காரணம் தேடிப் போனால், பெரும்பாலும் எழுதாமல் விட்ட இந்த விவரத்தில்தான் போய் நிற்கிறோம்.

இந்த வரிக்கு எடை போட ஒரு முறை உண்டு. மேரி சார்ல்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்ட மதிப்பெண் பட்டியலில் 19 நோய்நிலைகள் இருக்கின்றன. மாரடைப்பு வந்தவருக்கு 1, சிக்கலில்லாத சுகருக்கு 1, உறுப்புகளைப் பாதித்துவிட்ட சுகருக்கு 2, கிட்னிப் பழுதுக்கு 2, முற்றிய கல்லீரல் நோய்க்கு 3. வெறும் பிரஷருக்கு அதில் புள்ளியே கிடையாது. அதை நம்பிப் பிரஷரை ஒதுக்கிவிட முடியாது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறப்போகிறவருக்குப் பிரஷரும் ஓர் ஆபத்துதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 17,712 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, வேறு நோய் இல்லாதவர்களோடு மற்றவர்களை ஒப்பிட்டது. புற்றோடு சேர்ந்திருக்கும் வேறு நோய், அதாவது உடன்நோய், லேசாக இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 1.21 மடங்கு, நடுத்தரமாக இருந்தால் 1.86, கடுமையாக இருந்தால் 2.56. புற்றுநோய் எந்த நிலையில் இருந்தாலும் இந்த ஏற்றம் தெரிந்தது. 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஏற்கெனவே சுகர் இருந்த புற்றுநோயாளிகளுக்கு 1.41 மடங்கு என்றது.

இதிலிருந்து பலர் தவறான பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். முற்றிய கணையப் புற்றில் சுகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கட்டிதான். உடன்நோய் அதிகம் பேசுவது குணமாகக்கூடிய புற்றில்: ஆரம்பநிலை மார்பகம், புராஸ்டேட், பெருங்குடல். அங்கே நோயாளிக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருக்கிறது. அந்த வருடங்களை இதயமோ கிட்னியோ பறித்துக்கொள்ளலாம். "கட்டி சின்னதுதான், சுகரை அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சு அதனால்தான் தலைகீழானது.

விவரம் வாங்குவதே தனி வேலை. "வேற ஏதாவது நோய் இருக்காம்மா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கும் சுகரை அவர்கள் நோயாகவே எண்ணுவதில்லை. "தினமும் என்ன மாத்திரை போடறீங்க? வீட்டுல இருக்கிற அத்தனை அட்டையையும் பையோட கொண்டாங்க" என்று கேட்டால் கதை மாறும். சுகருக்கான கிளிமிபிரைடு, பிரஷருக்கான டெல்மிசார்ட்டன், எப்போதோ இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது ரத்தம் உறையாமலிருக்க எழுதிய குளோபிடோக்ரல், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் எல்லாம் அந்தப் பையில் இருக்கும். லேகியம், பஸ்பம் சாப்பிடுகிறார்களா என்பதைத் திட்டுகிற தொனியில்லாமல் கேட்டால்தான் உண்மை வரும். கூட வந்த மருமகளிடமும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

அதிகமாக ஏமாற்றுவது கிட்னிதான். 62 வயது, 48 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு, கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.1 என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களின் தாளில் அது சரியான அளவுக்குள்தான் இருக்கும். தடித்த எழுத்தில்கூட வராது. கிட்னியின் வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கைப் போடுங்கள்: 140இல் வயதைக் கழித்தால் 78, அதை 48ஆல் பெருக்கி, 72 × 1.1ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 40 மில்லி. கிட்னியைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்கு வழக்கமாக 60 எதிர்பார்க்கிறோம். மெலிந்த உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவாகவே உற்பத்தியாகிறது. எண் நல்லபடியாகத் தெரிவது அதனால்தான். நோயால் எடை இறங்க இறங்க இந்த ஏமாற்று கூடும். எனவே முதல் சுற்றுக்குப் போட்ட கணக்கை மூன்றாம் சுற்றுக்கு அப்படியே எடுத்து எழுதக் கூடாது. அதே வகை மருந்தான கார்போபிளாட்டினுக்கு மாற்றினால் அளவு இதே எண்ணிலிருந்து வருகிறது: உடம்பு மருந்தை எவ்வளவு எதிர்கொள்ள வேண்டும் என்ற இலக்கு (ஏயூசி) 5 என்றால் 5 × (40 + 25), அதாவது 325 மில்லிகிராம். கேபெசிட்டபைன் என்ற கீமோ மாத்திரையை, இந்த எண் 30–50க்குள் இருப்பவருக்கு முக்கால் பங்காகக் குறைக்க வேண்டும். 30க்குக் கீழே கொடுக்கவே கூடாது.

இரண்டு உறுப்புகள் எதிரெதிரே இழுக்கும் இடமும் உண்டு. சிஸ்பிளாட்டினிலிருந்து கிட்னியைக் காக்க லிட்டர் கணக்கில் சலைன் ஏற்ற வேண்டும். எக்கோ எனும் இதய ஸ்கேனில், தன்னுள் நிரம்பும் ரத்தத்தில் 35 விழுக்காடு மட்டுமே இறைப்பதாகத் தெரிகிற இதயம் அந்த நீரைத் தாங்காது. அன்றிரவே மூச்சுத்திணறலோடு வந்து நிற்பார். எக்கோ பார்க்காமல் இந்தச் சலைனை எழுதுவதால் வரும் வினை இது.

சுகரில் தொந்தரவு ஸ்டெராய்டு வழியாக வருகிறது. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன், காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் சுகரை ஏற்றும். வெறும் வயிற்றில் 110 என்று பார்த்து நிம்மதியாக அனுப்புகிறோம். மாலையில் 350 இருக்கும். கீமோ நாளிலும் அடுத்த மூன்று நாட்களும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்வதுதான் பயனுள்ளது. ஐந்தாம் ஆறாம் நாளில் நிலைமை புரண்டுவிடும். ஸ்டெராய்டு நின்றிருக்கும், வாய் புண்ணாகி இரண்டு வாய் கஞ்சிகூட இறங்காது, ஆனால் கிளிமிபிரைடு மட்டும் தவறாமல் போகும். கிட்னியும் மந்தமாக இருந்தால் சுகர் தாழ்ந்து மயங்கிவிடுவார். ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றி எழுப்பினாலும் மறுபடி தாழும். "சாப்பிடலைன்னா இந்த மாத்திரை வேண்டாம், உடனே போன் பண்ணுங்க" என்று எந்த மாத்திரை என்பதை அட்டையில் வட்டமிட்டே காட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு நிற்காத நாட்களில் சுகருக்கான மெட்ஃபார்மினும் டெல்மிசார்ட்டனும் அப்படித்தான். நீர் வற்றிய உடம்பில் டெல்மிசார்ட்டனோடு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் கிட்னி இரண்டே நாளில் படுத்துவிடும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன், கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10 என்று பார்த்து "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்புவது எங்களுக்கு உடன்பாடில்லை. அந்த எண் இறங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும், கட்டி காத்திருக்காது. இன்சுலின் போட்டுச் சில நாட்களில் தினசரி அளவை 180க்குள் கொண்டுவந்துவிட்டு அறுவைக்குப் போகலாம். ரத்தப்போக்கோடு வரும் கர்ப்பப்பைவாய்ப் புற்றில், ரத்தம் ஏற்றிய பிறகு ஹெச்பிஏ1சி எண்ணையே நம்ப முடியாது. அதே புற்றில் ரேடியேஷன் மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். கட்டுப்படாத சுகரால் கிருமித்தொற்று வந்து நடுவில் பத்து நாள் நின்றால், அந்த இடைவெளியில் புற்றணுக்கள் மீண்டும் பெருகுகின்றன. சுகர் உயிர்வாழும் காலத்தைக் குறைக்கிறது என்கிறோமே, அதில் ஒரு பங்கு இப்படி நாட்காட்டி வழியாக நடக்கிறது.

கல்லீரலில் ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி தனி ரகம். நோயெதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைத் தொடங்கும் முன், வைரஸ் இப்போது இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜன், எப்போதாவது தொற்றியதைக் காட்டும் கோர் ஆன்டிபாடி இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவது இல்லை என்று வந்தாலே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. இரண்டாவது மட்டும் இருப்பவருக்கும் வைரஸ் திரும்பக் கிளம்பிக் கல்லீரல் செயலிழக்கலாம். வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்கி, ரிட்டுக்ஸிமாப் முடிந்து குறைந்தது 12 மாதம் வரை தொடர வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு இமாட்டினிப், ஜெஃபிட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை கொடுத்தால், ரிஃபாம்பிசினால் தூண்டப்பட்ட கல்லீரல் அதை வேகமாகச் சிதைத்துவிடும். மருந்து போகும், வேலை நடக்காது.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். "எழுபது வயசு, சுகர், பிரஷர்" என்ற மூன்று சொற்களைக் கேட்டதுமே பாதி அளவு மருந்து எழுதுகிற கை இருக்கிறது. சுகரும் பிரஷரும் மாத்திரையில் அடங்கி, தானே ஓபிக்கு நடந்து வருகிறவர் முழுச் சிகிச்சையைத் தாங்கக்கூடும். மருந்துச் சோதனைகளில் இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பது குறைவு என்பதால் தயக்கம் புரிகிறது. ஆனால் அளந்து பார்க்காமல் குறைப்பது உடன்நோய் கொல்லுவதற்கு முன்பே புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. நுரையீரல் அறுவையில் இதற்குக் கணக்கே இருக்கிறது. ஊதும் பரிசோதனையில், எதிர்பார்க்கும் அளவில் 60 விழுக்காடு வருகிறவருக்கு இடது நுரையீரலை முழுதாக எடுத்தால், இரண்டு நுரையீரலிலும் சேர்ந்த 19 கூறுகளில் 10 மிஞ்சும், அதாவது அந்த 60இல் 32 விழுக்காடு. இடது மேல்மடலை மட்டும் எடுத்தால் 14 கூறு, 44 விழுக்காடு. மிஞ்சுவது 40க்கு மேல் என்றால் அறுவை, கீழே என்றால் ஆபத்து என்பது பழைய எல்லைக்கோடுதான் என்றாலும், "பீடி பிடிச்ச நுரையீரல், வேண்டாம்" என்பதைவிட இது நியாயமான பேச்சு.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வழியாகச் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ரேடியேஷனுக்காக ஆறு வாரம் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்குகிறவருக்கு அந்த மாத்திரை ஊரில் கிடக்கும். "கீமோ மாத்திரையே இவ்வளவு இருக்கு, பழசு எதுக்கு" என்று வீட்டாரே நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் ரேடியேஷன் தேதி கொடுக்கும்போதே இரண்டு மாதத்துக்கான பழைய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வரச் சொல்கிறோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு ஏறியது என்று எழுத வேண்டும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் நான்கு சுற்று என்றால் 240 மில்லிகிராம். 400ஐத் தாண்டினால் இதயச் செயலிழப்பு வேகமாகக் கூடுகிறது. புற்று திரும்பி வந்து வேறு ஊரில் சிகிச்சை பெறும்போது அந்த டாக்டர் தேடப்போகிற எண் அதுதான். கடைசி எக்கோ எப்போது, அடுத்தது எப்போது, சுகர் மாத்திரையில் எதைக் கூட்டினோம் எதை நிறுத்தினோம், இனி அதை எந்த டாக்டர் பார்ப்பார் என்பதும் அதே தாளில், குணமான கட்டியின் விவரத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.