முதலில் கேர்னல்

மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் இருந்த ஒரு கல்வி நிறுவனத்தில் சில ஆண்டுகள் சேர்வர்களைப் பராமரித்தேன். ஆசிரியர்களின் கோப்புகளும் மாணவர் பதிவுகளும் இருந்த பிரதான சேர்வரில் ஃபிரீபிஎஸ்டி என்னும் பணிசெயல் முறைமை ஓடியது. அங்கு நான் செய்த பிழைகளுள் இன்றும் என் மனத்தை உறுத்துவது புதிய பதிப்பை நிறுவிய வரிசையில் நேர்ந்த ஒரு பிழை.

லினக்ஸ் என்னும் இன்னொரு பணிசெயல் முறைமையில், வன்பொருளை ஆளும் மையச் செய்நிரலான கேர்னல் ஓரிடத்திலிருந்தும், அதன்மேல் ஓடும் நூலகங்களும் கட்டளைகளும் வேறு குழுக்களிடமிருந்தும் வருகின்றன. புதிய கேர்னல் பழைய செய்நிரல்களை முடக்கிவிடக் கூடாது என்பதில் லினக்ஸைத் தொடக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாக இருப்பவர். ஃபிரீபிஎஸ்டியிலோ கேர்னலும், சி நூலகமும், கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்.எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளும் ஒரே மூலநிரல் தொகுதியில் வளர்ந்து ஒன்றாக வெளியாகின்றன. ஒன்றாக வெளியாவதால் ஒரே மூச்சில் நிறுவியும் விடலாம் என்று எண்ணினேன்.

2019 இல் பதிப்பு 11 இலிருந்து 12 க்கு மாறினோம். ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பு முறைமை இடும் ஐநோட் எண், அதுவரை 32 பிட்டாக, அதாவது ஏறத்தாழ 429 கோடி எண்களுக்குள் அடங்குவதாக இருந்தது. பதிப்பு 12 இல் அது 64 பிட்டானது. கோப்பின் விவரத்தைச் செய்நிரல் கேர்னலிடம் கேட்டுப் பெறும் வடிவமே இதனால் மாறியது. செய்நிரல் கேர்னலிடம் அப்படிக் கேட்கும் வழிகளான முறைமை அழைப்புகளுக்குப் புதிய எண்கள் கொடுக்கப்பட்டன. பழைய எண்களையும் புதிய கேர்னலில் விட்டுவைத்திருந்தபடியால் பழைய செய்நிரல்கள் அதன்மேல் ஓடும். பழைய கேர்னலுக்கோ புதிய எண்கள் தெரியா. தெரியாத எண்ணைக் கேட்கும் செய்நிரலை அது அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

புதிய கேர்னலை நிறுவி, ரீபூட் செய்து, அதன் பின்னரே மற்றவற்றை நிறுவ வேண்டும் என்பதை வாசித்தே இருந்தேன். ஆனால் அன்று ஆசிரியர்கள் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தார்கள். அவர்களை இடைமறிக்க மனம் வராமல் ரீபூட்டைப் பிற்போட்டுவிட்டு அடுத்த கட்டத்தைத் தொடங்கினேன். அது முடிந்ததும் எல்.எஸ் என்று தட்டினேன். ‘தவறான முறைமை அழைப்பு’ என்ற ஒரு வரியோடு அது நின்றது. அடுத்து எதைத் தட்டினாலும் அதே வரிதான். தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும், ஏற்கனவே திறந்திருந்த ஷெல் மட்டும், பழைய நூலகத்தை நினைவகத்தில் வைத்திருந்ததால், உயிரோடு இருந்தது. கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ, அந்த ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அதனோடு நட்சத்திரக் குறியை இட்டுக் கோப்புப் பெயர்களைப் பார்த்து, புதிய கேர்னல் அதன் இடத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மின்பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சேர்வர் ஒழுங்காக எழும்பியது. ஆனால் மூன்று ஆசிரியர்கள் அரைநாள் புள்ளிகளை மீண்டும் பதிய வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வரிசை எதற்காக என்பதை அதன் பிறகே உணர்ந்தேன். புதிய கேர்னலும் பழைய செய்நிரல்களும் இருக்கும் நிலை, முழுமையற்றதாயினும் நின்று மூச்சுவிடக்கூடிய நிலை. அதன் மறுதலையில், அதாவது பழைய கேர்னலும் புதிய செய்நிரல்களும் இருக்கும் நிலையில், நிற்க இடமே இல்லை. முதல் நிலையிலும் எல்லாம் தாங்கும் என்று சொல்ல முடியாது: கேர்னலின் உட்கட்டமைப்போடு நேரடியாகப் பேசும் தீச்சுவர்க் கருவிகள் தடுமாறலாம், கேர்னலோடு இணைந்து ஓடும்படி தனியாகத் தொகுத்த மொடியூல்களைப் புதிய கேர்னலுக்கென மறுபடியும் தொகுத்தே ஆகவேண்டும்.

2022 இல், நாடெங்கும் மின்வெட்டு நிலவிய மாதங்களில், 12.3 இலிருந்து 13.1 க்கு மாறும் வேலை வந்தது. என்னோடு வேலை செய்த களுவாஞ்சிகுடித் தம்பி, “சேர், கரண்ட் போறதுக்கு முதல் ரெண்டையும் போட்டு முடிச்சிடுவமா?” என்று கேட்டார். கேர்னலை மட்டும் நிறுவி ரீபூட் செய்வோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றேன். சேர்வர் எழும்பிச் சற்று நேரத்தில், அறிவித்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் நின்றது, யூ.பி.எஸ்ஸும் சிறிது நேரத்தில் ஓய்ந்தது. இரவு மின்சாரம் திரும்பியபோது சேர்வர் தானாகவே எழும்பி, கோப்புகளை வழமைபோல் வழங்கியது. காலையில் பதிப்புகளைக் கேட்டுப் பார்த்தோம்: கேர்னல் 13.1, மற்றவை 12.3. தேநீர் குடித்துவிட்டு, இரண்டாம் பாதியைத் தம்பியையே தட்டச் சொன்னேன்.