கார்த்திகைக்குள் காய வேண்டும்

5 நவம்பர் 2024, செவ்வாய்

மண் பதத்துக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் மிதித்துக் குவித்து, சாக்கு போட்டு மூடி வைத்தது. இன்று கம்பியால் அறுத்துப் பார்த்தேன். அறுத்த இடம் வழவழவென்று இருக்கிறது. கல் இல்லை, காற்று இல்லை. ஏரி வண்டல் மூன்று பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, அதற்கு மேல் இரண்டு கூடை ஓட்டுப்பொடி, அதாவது சுட்ட பானை ஓட்டை இடித்த பொடி. பெரிய சாமானுக்கு ஓட்டுப்பொடி இல்லாமல் ஆகாது. ஒரு தடவை சூளையைப் பார்த்த ஓடு மறுபடி சுருங்காது. அது உள்ளே இருந்தால் மொத்த மண்ணும் குறைவாகச் சுருங்கும், விரிசலும் குறையும்.

மூன்று தாழி. வெந்து நிற்கும்போது இரண்டரை அடி இருக்க வேண்டும் என்கிறார் தாழி கேட்ட ஓசூர்க்காரர். எங்கள் மண் ஈரத்திலிருந்து சூளை வரை நூற்றுக்குப் பத்து சுருங்கும். அப்படியென்றால் ஈரத்தில் 33 அங்குலத்துக்கு மேலேயே வனைய வேண்டும்.

அம்மாவின் கட்டியைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். தருமபுரியில் ரிசல்ட் வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

7 நவம்பர், வியாழன்

காலை ஐந்தரைக்கே திருகையில், பானை வனையும் சக்கரத்தில், உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குக் கரண்ட் போகும், அதற்குள் அடிப்பாகம் முடிய வேண்டும்.

22 கிலோவை ஒரே உருண்டையாகப் போட்டு நடுவுக்குக் கொண்டுவர என் உடம்பால் முடியாது. முதலில் 10 கிலோவைப் பலகையில் அறைந்து, மோட்டார் போடாமல் கையாலேயே சுற்றிச் சுற்றித் தட்டி வட்டமாக்கினேன். அப்புறம் மோட்டார். அது நடுவுக்கு வந்ததும் அதன் தலையில் 6 கிலோ, அப்புறம் மீதி. மேலே வைத்தது கீழே இருப்பதோடு ஒரே மண்ணாகும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. இடது முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் பலம் தோளிலிருந்து வராமல் இடுப்பிலிருந்து வரும். அவ்வளவு மண்ணும் ஆட்டமில்லாமல் சுழலும்போது திருகை நின்றுவிட்டதாகவே தெரியும். எனக்கு இந்த வேலையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

குடைந்து அகலப்படுத்தியதும் அடியை மரச்சில்லால் அழுத்தினேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு, கை சலிக்கும்வரை. சுவரை இழுக்கும்போது இரண்டு கையும் மண்ணை நெருக்கிவிடும். அடிக்கு அந்த நெருக்கம் தானாகக் கிடைக்காது, நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால் காயும்போது நடுவில் வளைந்து ஒரு கீறல் ஓடும். ஒரு மாத வேலையைத் தின்ன அந்தக் கீறல் ஒன்று போதும்.

வாய் அகல அகல வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் சுவர் வெளிப்பக்கம் சரிந்துவிடும். இடது கை முழங்கைவரை உள்ளே, வலது முட்டி வெளியே. நடுவில் மண் ஏறுகிறது. 17 அங்குலம் வந்தபோது கரண்ட் போனது. நல்லவேளை.

8 நவம்பர், வெள்ளி

அம்மா ராத்திரி தூங்கவில்லை. நானும்.

9 நவம்பர், சனி

மேல்பாகத்தை அடி வைக்காமல் வெறும் வளையமாக, தலைகீழாக வனைந்தேன். இரண்டு வாயும் ஒரே அளவில் இருக்க மூங்கில் குச்சி ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டேன். கீழ்ப்பாகத்தின் விளிம்பு கனம் தாங்கும் அளவுக்கு இறுகியிருந்தது. வளையமும் இறுகட்டும் என்று அதற்கு கேஸ் பர்னரைக் காட்டினேன். இரண்டு விளிம்பையும் கீறி, மண்கூழ் பூசி, அண்ணனும் நானும் பலகையோடு தூக்கிக் கவிழ்த்தோம். கம்பியை விட்டு அறுத்துப் பலகையை எடுத்தபோது அண்ணன் மூச்சுகூட விடவில்லை.

மூட்டைத் தட்டுவதற்கு அப்பாவைக் கூப்பிட்டேன். தோள் போனதிலிருந்து அவர் திருகைப் பக்கம் வருவதில்லை, ஆனால் மூட்டு அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. உள்ளே கல், வெளியே தட்டுப்பலகை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். அண்ணன் மெதுவாகத் திருகையைத் தள்ளிக்கொண்டே இருந்தான். தொப், தொப் என்று ஒரே சத்தம் சுற்றி வந்தது. ஓர் இடத்தில் கையை நிறுத்தினார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

"இங்க காத்து இருக்குது கண்ணு."

ஊசியால் குத்தினேன். கூழ் கொப்புளித்து வெளியே வந்தது.

13 நவம்பர், புதன்

வாய் முந்துகிறது, அடி பிந்துகிறது. எல்லாப் பிரச்சினையும் இதுதான். மேலே காற்று படுகிறது, கீழே தரை. மேல்பாகம் சுருங்கும்போது அடியும் கூடவே சுருங்கினால் கீறல் இல்லை. அதனால் வாய்க்கு ஈரத்துணி, அதன் மேல் பிளாஸ்டிக். அடியில் மணல் பரப்பியிருக்கிறேன், சுருங்கும்போது தரையைப் பிடித்துக்கொள்ளாமல் நகரட்டும் என்று. மேற்கு ஜன்னலுக்குச் சாக்கு கட்டியாயிற்று. ஒரே பக்கம் காற்று பட்டால் தாழி அந்தப் பக்கமாகக் கோணும்.

காலையில் எழுந்ததும் முதலில் ஷெட், அப்புறம்தான் முகம் கழுவுவது. அடியில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மத்தியானமும் பார்த்தேன்.

அம்மா ரிசல்ட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்டால்கூடத் தேவலை.

16 நவம்பர், சனி

கார்த்திகை பிறந்துவிட்டது. தீபம் டிசம்பர் 13. அண்ணியும் அம்மாவும் அகல் விளக்கில் இறங்கிவிட்டார்கள். காலையில் போட்டது சாயங்காலம் கையில் எடுக்கும் அளவுக்கு இறுகிவிடுகிறது. தட்டுத் தட்டாக அடுக்குகிறார்கள். அம்மா விளக்குக்கு மூக்கு கிள்ளும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார். விரல் அத்தனை வேகம்.

இரண்டாவது தாழி நேற்றே மூட்டியாயிற்று. அப்பா தட்டினார், காற்று இல்லை.

19 நவம்பர், செவ்வாய்

மருந்து வாங்க கிருஷ்ணகிரி போன அண்ணன், பஸ்ஸில் யாரோ மயிலாடும்பாறை பற்றிப் பேசிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பெருமைதான், நம் மாவட்டம். ஆனால் அதே அகழாய்வுக் குழிகளில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்தன, அதை யாரும் பஸ்ஸில் பேசுவதில்லை. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. புகைக்கு எவ்வளவு காற்று விட வேண்டும், எங்கே அடைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் சூளைக்குப் பக்கத்தில் நின்றால்தான் அந்த நிறம் வரும். இரும்பு உருக்கியவருக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. பானை சுட்டவருக்கும் ஒரு வரி கொடுக்கலாம். இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அவர்களும் கார்த்திகை மழைக்கு முன்னால் காய வைக்கத் தவித்திருப்பார்கள்.

21 நவம்பர், வியாழன்

மூன்றாவது. மூன்றிலும் இதுதான் அழகு. வயிறு எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பியிருக்கிறது. ஆனால் ரொம்பத் தாமதம். முதலாவது வெளுக்க ஆரம்பித்துவிட்டது, இது இன்னும் சொட்டச் சொட்ட ஈரம். மூன்றையும் ஒரே சூளையில்தான் வைக்க முடியும். விறகுக்கு இரண்டு தடவை செலவு செய்ய வழியில்லை.

22 நவம்பர், வெள்ளி

மேகம்.

23 நவம்பர், சனி

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாம். டிவியில் நாகப்பட்டினத்தைக் காட்டுகிறார்கள், கடலூரைக் காட்டுகிறார்கள். ஊத்தங்கரையை யார் காட்டப்போகிறார்கள். எனக்குக் கவலை மழை இல்லை, ஈரக்காற்றுதான். காற்றில் ஈரம் ஏறினால் மண்ணிலிருந்து ஈரம் இறங்காது.

26 நவம்பர், செவ்வாய்

கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லி அப்பாதான் சிறு வயதில் கற்றுக்கொடுத்தார். கை மரத்துப்போயிருக்கும், கன்னம் பொய் சொல்லாது. முதலாவது தாழியின் வாயில் வைத்தேன், சில்லென்று இல்லை. வயிற்றில் வைத்தேன், இல்லை. படுத்துக்கொண்டு அடியோரத்தில் கன்னத்தை ஒட்டினேன். மெல்லிய குளிர்ச்சி. உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இந்தக் குளிர்ச்சியோடு சூளைக்குள் வைத்து அவசரமாக எரித்தால், 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவிக்கு வெளியேற வழி கிடைக்காமல் அடி பெயர்ந்து வெடிக்கும். பெரிய சாமானில் சுவர் தடிமன், அதனால் ராத்திரி முழுக்க வெறும் புகை மூட்டம்தான் போட வேண்டும். இரண்டாவது அரைகுறை. மூன்றாவதைத் தொடவே வேண்டாம், பிளாஸ்டிக்கின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது.

அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி நாள் முழுவதும் இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

27 நவம்பர், புதன்

ஒன்றும் இல்லை! வெறும் கொழுப்புக் கட்டிதான். வேறு எதுவும் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார், நான் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல. வழி நெடுக அரூர் வரை தூங்கிக்கொண்டே வந்தார். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. எழுப்பவில்லை. தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

29 நவம்பர், வெள்ளி

புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயர். முதலாவது தாழியின் அடியில் கன்னம் வைத்தேன். குளிர்ச்சி இல்லை. எங்கேயும் இல்லை! எலும்பாகக் காய்ந்திருக்கிறது. சுண்டினால் கணீரென்கிறது. கீறல் இல்லை. டார்ச் அடித்து அப்பாவிடம் காட்டினேன். "தேறிடுச்சு," என்றார். இரண்டாவதும் இன்னும் ஓரிரு நாளில்.

30 நவம்பர், சனி

காற்று. தூறல். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கும் என்கிறார்கள். கரையைத் தாண்டினால் இங்கே வந்து சேர்வதற்குள் வலு இழந்துவிடும் என்கிறான் அண்ணன், எல்லாப் புயலுக்கும் அதுதான் கதை. விளக்குத் தட்டுகளை மட்டும் மாடிக்கு ஏற்றினோம். தாழிகளை ஏற்ற முடியாது. சுடாத மண் காய்ந்துவிட்டால் தூக்கும்போது விளிம்பு கையோடு வரும். கையால் உடைவதைவிட நின்ற இடத்தில் நிற்கட்டும்.

1 டிசம்பர், ஞாயிறு

விடாமல் பெய்கிறது. நகராமல் ஒரே இடத்தில் நின்ற புயல் இப்போது இந்தப் பக்கமாக வருகிறதாம். ஷெட் ஓரத்தில் மண் அணைத்து வரப்பு போட்டோம். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. முதல் இரண்டையும் மணலோடு சேர்த்து ஒரு செங்கல் உயரத்துக்கு ஏற்றி வைத்தோம். அண்ணன், நான், அண்ணி, அம்மா. நெம்புகோல் வைத்து விரல் விரலாக. அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டார். மூன்றாவதைத் தொடவில்லை, ஈர மண் தாங்காது. தகரத்தில் விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

2 டிசம்பர், திங்கள்

ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஒரே நாளில். அரூரில் 33. ஊத்தங்கரையில் ஏரி வழிந்து வேனும் காரும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக்கொண்டு போகும் வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறது.

ஷெட்டில் முழங்கால் தண்ணீர். காலையில் நான் உள்ளே போனபோது முதலாவது தாழி பாதி உயரம்தான் இருந்தது. அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழாக வந்துகொண்டே இருந்தது. நன்றாகக் காய்ந்த மண்தான் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும், குடித்ததும் அடுக்கடுக்காக உதிரும். சுவர் செதில் செதிலாகக் கழன்று தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை நீட்டி என்ன செய்வது? இரண்டாவதன் அடி கரைந்து, மூட்டோடு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மூட்டு மட்டும் விடவில்லை, அப்பா தட்டியது.

மூன்றாவது நிற்கிறது. உள்ளே ஈரம் இருந்ததால் தண்ணீரைக் குடிக்கவில்லை. கீழே ஒரு சாண் வரை மெத்தென்று இருக்கிறது, வயிறும் வாயும் வனைந்தபடியே. அப்பா வாசலில் நின்றபடி, "தொடாத. தண்ணி தானா வடியட்டும்," என்றார். அம்மா பின்பக்க வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார். விடுங்கம்மா என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

கரைந்த மண்ணை அள்ளித் தொட்டியில் போட வேண்டும், ஓட்டுப்பொடியோடு கலந்தபடியே இருக்கிறது, வெள்ளத்தோடு வந்த ஏரி மண் மட்டும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். விளக்குகள் மாடியில் பத்திரம். சூளைக்கு வைத்திருந்த விறகு மிதந்து பக்கத்துக் கொல்லையில் கிடக்கிறது. அண்ணன் போய்விட்டான், நானும் போகிறேன்.